மறுபடியும் நிற்கும் உறுப்பினரிடம் எதைக் கேட்பது?

தமிழ்நாட்டின் 16ஆவது சட்டமன்றத்தின் பதவிக்காலம் 2026 மே மாதத்தோடு முடிவடைகிறது. கட்சி அலுவலகங்களில் பேச்செல்லாம் கூட்டணியைப் பற்றியும் தொகுதிப் பங்கீட்டைப் பற்றியும்தான். நாகமலை புதுக்கோட்டையில் வாழும் என் போன்ற வாக்காளருக்கு அதற்கு முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் நாம் அனுப்பிவைத்தவர் மறுபடியும் நம் முன் வந்து நிற்பாரா? நின்றால், அவரை எந்த அளவுகோலால் அளப்பது?

அரசியல் பேச்சு வழக்கில் இவருக்கு ‘சிட்டிங் எம்.எல்.ஏ.’ என்று பெயர். இவர் மீண்டும் போட்டியிடும் தேர்தலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. புதிய வேட்பாளரிடம் நாம் வாக்குறுதியை மட்டுமே கேட்க முடியும். பதவியில் இருப்பவரிடம் கணக்கைக் கேட்கலாம். தேர்ந்தெடுத்தவரைத் திரும்ப அழைக்கும் உரிமையை நமது அரசமைப்புச் சட்டம் வாக்காளருக்குத் தரவில்லை. ஆகவே, ஒரு சட்டமன்ற உறுப்பினரை வாக்காளர் நேரடியாக விசாரிக்கும் நாள் ஐந்து ஆண்டுகளில் அந்த ஒரு நாள்தான். அந்த விசாரணை நம் ஊரில் எப்படி நடக்கிறது என்பதை மதுரை மாவட்டத்தின் அனுபவத்தைக் கொண்டே பார்க்கலாம்.

மதுரையின் பத்துப் பேர்

மதுரை மாவட்டத்தில் 10 தொகுதிகள் உள்ளன. 2016 பொதுத் தேர்தலில் அவற்றில் எட்டை அதிமுகவும், மதுரை கிழக்கு, மதுரை மத்தி ஆகிய இரண்டைத் திமுகவும் வென்றன. 2019 இடைத்தேர்தலில் திருப்பரங்குன்றம் திமுக வசம் சென்றது. ஆக, 2021 தேர்தல் அறிவிக்கப்பட்டபோது ஏழு அதிமுக உறுப்பினர்களும் மூன்று திமுக உறுப்பினர்களும் பதவியில் இருந்தார்கள்.

இந்தப் பத்துப் பேரில் ஏழு பேர் தத்தம் தொகுதியிலேயே மறுபடியும் நின்றார்கள். மதுரை மேற்கில் செல்லூர் கே.ராஜு, திருமங்கலத்தில் ஆர்.பி.உதயகுமார், மேலூரில் பெ.பெரியபுள்ளான் ஆகிய மூவரும் அதிமுக சார்பில் நின்று வென்றார்கள். மதுரை கிழக்கில் பி.மூர்த்தியும், மதுரை மத்தியில் பழனிவேல் தியாகராஜனும் திமுக சார்பில் வென்றார்கள். மதுரை தெற்கில் எஸ்.எஸ்.சரவணனும், சோழவந்தானில் கே.மாணிக்கமும் தோற்றார்கள், இருவரும் அதிமுக.

மற்ற மூவரின் கதை வேறு. மதுரை வடக்கின் உறுப்பினராக இருந்த வி.வி.ராஜன் செல்லப்பா திருப்பரங்குன்றத்துக்கு மாறி நின்று வென்றார். திருப்பரங்குன்றத்தின் உறுப்பினராக இருந்த பா.சரவணன், தொகுதி கூட்டணிக் கட்சியான மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சிக்கு ஒதுக்கப்பட்ட பின் பாஜகவில் சேர்ந்து, மதுரை வடக்கில் நின்று தோற்றார். உசிலம்பட்டியில் பா.நீதிபதிக்குப் பதிலாக பி.அய்யப்பனை அதிமுக நிறுத்தியது. தொகுதியை அக்கட்சியே தக்கவைத்தது.

சொந்தத் தொகுதியில் நின்ற ஏழு பேரில் ஐந்து பேர் வெற்றி. மாநிலம் முழுவதும் ஆட்சி மாறிய ஆண்டு அது. திமுக அணி 159 இடங்களையும் அதிமுக அணி 75 இடங்களையும் பெற்றன. மதுரை மாவட்டமோ ஐந்துக்கு ஐந்து என்று சரிபாதியாகப் பிரிந்தது. இதை மட்டும் பார்த்தால், பதவியில் இருப்பது வேட்பாளருக்குப் பெரிய பலம் என்று தோன்றும். அந்த முடிவுக்கு அவசரப்பட்டு வரக் கூடாது.

கணக்கில் உள்ள கண்ணி

மறுபடியும் நிறுத்தப்படுபவர்கள் ஏற்கெனவே ஒரு சல்லடையைத் தாண்டி வந்தவர்கள். தோற்றுவிடுவார் என்று கட்சி கருதும் உறுப்பினருக்குப் பெரும்பாலும் வாய்ப்பு மறுக்கப்படுகிறது. அல்லது அவர் பாதுகாப்பான தொகுதிக்கு மாற்றப்படுகிறார். களத்தில் எஞ்சி நிற்பவர்களின் வெற்றி விகிதத்தைக் கொண்டு பதவியின் பலத்தை அளப்பது, பள்ளியில் தேர்ச்சி பெற மாட்டார்கள் என்று தோன்றியவர்களைத் தேர்வு எழுதவிடாமல் செய்துவிட்டுத் தேர்ச்சி விகிதத்தைப் பெருமையாகச் சொல்வதற்குச் சமம்.

இந்தச் சிக்கலைத் தவிர்க்கப் பொருளாதார அறிஞர்கள் ஒரு வழியைக் கையாள்கிறார்கள். மிகச் சொற்ப வாக்குகளில் வென்றவர்களையும், அதேபோல் சொற்ப வாக்குகளில் தோற்றவர்களையும் எடுத்துக்கொள்கிறார்கள். சில நூறு வாக்குகளில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் திறமையிலோ செல்வாக்கிலோ பெரிய வேறுபாடு இருக்க முடியாது. இருவருக்கும் இடையே உள்ள ஒரே பெரிய வேறுபாடு, ஒருவர் ஐந்தாண்டு பதவியில் இருந்தார், மற்றவர் இல்லை என்பதுதான். அடுத்த தேர்தலில் இருவரில் யார் கூடுதலாக வெல்கிறார்கள் என்று பார்த்தால், பதவியின் தாக்கம் தனியே தெரிந்துவிடும்.

இந்த முறையில் லீ லிண்டன் இந்திய மக்களவைத் தேர்தல்களை ஆராய்ந்தபோதும், யோகேஷ் உப்பல் மாநிலச் சட்டமன்றத் தேர்தல்களை ஆராய்ந்து 2009இல் கட்டுரை வெளியிட்டபோதும் கிடைத்த முடிவு ஒரே திசையைக் காட்டியது. 1990களுக்குப் பிந்தைய இந்தியாவில் பதவி என்பது வேட்பாளருக்கு அனுகூலத்தைவிடச் சுமையாகவே இருக்கிறது. அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். அங்கு மீண்டும் போட்டியிடும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வெல்வது பெரும்பாலான தேர்தல்களில் வழக்கம். அங்கே பதவியைப் பிடிப்பது கடினம். இங்கே தக்கவைப்பது கடினம்.

தமிழ்நாடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியைத் தக்கவைத்த பிறகு, ஆளுங்கட்சி ஒன்று மறுபடியும் வெல்ல 2016 வரை 32 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொரு முறையும் ஆட்சி மாறியது. அந்த அலைகளில் நல்ல உறுப்பினர்களும் அடித்துச் செல்லப்பட்டார்கள். எதுவும் செய்யாதவர்களும் கரை சேர்ந்தார்கள். 1996 முதல் 2001 வரை சட்டமன்றத் தலைவராக இருந்த பி.டி.ஆர்.பழனிவேல்ராஜன், 2001இல் மதுரை மேற்கில் பதவியில் இருந்தபடியே போட்டியிட்டுத் தோற்றார். சபையை நடத்திய விதமோ தொகுதிக்குச் செய்த பணியோ அந்த முடிவைத் தீர்மானித்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தீர்மானித்தது அந்த ஆண்டின் கூட்டணிக் கணக்கு.

குறையும் வித்தியாசம்

அதே மதுரை மேற்கு, பதவியில் இருப்பவர் எப்படித் தாக்குப்பிடிக்கிறார் என்பதையும் காட்டுகிறது. செல்லூர் ராஜு 2011, 2016, 2021 என்று மூன்று முறை தொடர்ந்து இங்கு வென்றார். 2017 ஏப்ரலில், கூட்டுறவுத் துறை அமைச்சராக இருந்தபோது, வைகை அணை நீர் ஆவியாவதைத் தடுக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டு, அவை காற்றில் கரை ஒதுங்கிய நிகழ்ச்சி அவரை மாநிலம் முழுவதும் கேலிக்கு உள்ளாக்கியது. நான்கு ஆண்டுகள் கழித்து, அவருடைய கட்சி ஆட்சியை இழந்த தேர்தலில், அவர் மறுபடியும் வென்றார். மாநிலம் ஒருவரைப் பார்க்கும் கண் வேறு, தொகுதி பார்க்கும் கண் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. வீட்டு விசேஷங்களுக்கு வருவது, கூப்பிட்டால் பேசுவது, துக்க வீட்டில் முதல் ஆளாக நிற்பது ஆகியவற்றுக்கு நம் தொகுதிகளில் இருக்கும் மதிப்பைச் சென்னையில் இருந்துகொண்டு எடை போட முடியாது.

ஆனால், எண்கள் இன்னொன்றையும் சொல்கின்றன. 2011இல் அவருடைய வாக்கு வித்தியாசம் 35 ஆயிரத்துக்கு மேல். 2016இல் அது சுமார் 16 ஆயிரம். 2021இல் சுமார் 9 ஆயிரம். நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டிச் செல்லும் தேனி சாலையின் மறுகோடியில் உள்ள போடிநாயக்கனூரிலும் இதே வரைபடம்தான். அங்கு ஓ.பன்னீர்செல்வம் அதே மூன்று தேர்தல்களில் வென்றார். வித்தியாசம் ஏறக்குறைய 30 ஆயிரத்திலிருந்து 15 ஆயிரமாகி, பிறகு 11 ஆயிரமானது. இருவரும் அமைச்சர்கள், ஒருவர் முதலமைச்சராகவும் இருந்தவர். அவர்களுக்கே ஒவ்வொரு பதவிக்காலமும் முந்தைய வித்தியாசத்தில் ஒரு பகுதியைக் கரைத்திருக்கிறது.

எதிரணியில் இருந்தவர்களின் எண்கள் மேல்நோக்கிச் சென்றன. மதுரை மத்தியில் 2016இல் ஆறாயிரத்துக்கும் குறைவாக இருந்த வித்தியாசம் 2021இல் 34 ஆயிரத்தைத் தாண்டியது. மதுரை கிழக்கில் 32 ஆயிரம் என்பது 49 ஆயிரமானது. இந்த இரண்டு உறுப்பினர்களும் உழைத்திருக்கலாம். ஆயினும் காற்று அவர்கள் பக்கம் வீசியது என்பதையும் மறுக்க முடியாது. மேலூர் மட்டும் விதிவிலக்கு. அங்கு அதிமுக உறுப்பினரின் வித்தியாசம் காற்றுக்கு எதிராகக் கூடியது. எதிரில் நின்றது திமுக அல்ல, கூட்டணியில் இடம்பெற்ற காங்கிரஸ் என்பதும் அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். மொத்தத்தில், ஓர் உறுப்பினரின் வெற்றி தோல்வியில் அவருடைய சொந்தக் கணக்கு எவ்வளவு, கட்சியின் கணக்கு எவ்வளவு என்று பிரிப்பது எளிதல்ல. அந்த மங்கலான எல்லையில்தான் நல்ல உறுப்பினர் தண்டனை பெறுகிறார், மோசமானவர் ஒளிந்துகொள்கிறார்.

தொகுதி மாறும் தலைவர்கள்

கணக்குக் கேட்கும் வாய்ப்பே வாக்காளருக்குக் கிடைக்காமல் போவது இரண்டாவது சிக்கல். தொகுதி மாறுவது நம் அரசியலில் பழைய வழக்கம். எம்.ஜி.ஆர். 1977இல் அருப்புக்கோட்டையில் வென்று முதலமைச்சரானார். 1980 பிப்ரவரியில் அவருடைய ஆட்சி கலைக்கப்பட்டு, மே மாதம் தேர்தல் வந்தபோது அவர் தேர்ந்தெடுத்தது மதுரை மேற்கு. 1984இல் அமெரிக்காவின் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபடியே அவர் வென்றது ஆண்டிப்பட்டியில். மூன்று தேர்தல், மூன்று தொகுதி. மாநிலமே அவரைத் தன் உறுப்பினராக நினைத்தது என்பது உண்மை. ஆனால், அருப்புக்கோட்டை வாக்காளரும் மதுரை மேற்கு வாக்காளரும் தங்கள் உறுப்பினரை மறுபடியும் சீர்தூக்கிப் பார்க்கும் வாய்ப்பைப் பெறவில்லை.

ஒரே தொகுதியில் நின்றால் எவ்வளவு பெரிய தலைவரும் தப்ப முடியாது என்பதை 1996 காட்டியது. 1991இல் பர்கூரில் வென்று முதலமைச்சரான ஜெயலலிதா, ஐந்து ஆண்டுகள் கழித்து அதே பர்கூரில் திமுகவின் இ.ஜி.சுகவனத்திடம் தோற்றார். பிறகு 2002 இடைத்தேர்தலிலும் 2006இலும் ஆண்டிப்பட்டி, 2011இல் ஸ்ரீரங்கம், 2015 இடைத்தேர்தலிலும் 2016இலும் ராதாகிருஷ்ணன் நகர் என்று அவருடைய பயணம் தொடர்ந்தது. 13 முறை போட்டியிட்டு ஒருமுறைகூடத் தோற்காத மு.கருணாநிதியின் பட்டியலும் குளித்தலையில் தொடங்கி, தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம் வழியாகத் திருவாரூர்வரை செல்கிறது.

தொகுதி மாறுவது எப்போதும் காப்பாற்றுவதும் இல்லை. 1957, 1962 தேர்தல்களில் சாத்தூரில் வென்ற காமராஜர், 1967இல் சொந்த ஊரான விருதுநகரில் நின்று, மாணவர் தலைவராக இருந்த பெ.சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். எங்கள் ஊருக்கு அருகே நாகமலையைப் பார்த்தபடி நிற்கும் பல்கலைக்கழகம் அதற்கு முந்தைய ஆண்டு, 1966இல், தொடங்கப்பட்டது. 1978இல் அதற்குக் காமராஜரின் பெயர் சூட்டப்பட்டது. ஆயிரக்கணக்கான பள்ளிகளைத் திறந்தவரும் மதிய உணவு தந்தவரும் தோற்ற தேர்தல் என்று 1967 இன்றும் வருத்தத்தோடு நினைவுகூரப்படுகிறது. அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்பும் ஒரு கட்சியின் மீது குவித்த கோபத்தின் முன் ஒரு தனிமனிதரின் சாதனை நிற்கவில்லை. கட்சிக் கணக்கு தனிக் கணக்கை விழுங்கியதற்குத் தமிழ்நாட்டு வரலாற்றில் இதைவிடப் பெரிய சான்று இல்லை.

உறுப்பினரே இல்லாத காலம்

மூன்றாவது சிக்கல், பதவிக்காலம் நடுவில் அறுந்துபோவது. திருப்பரங்குன்றம் இதை ஒரே பேரவைக் காலத்தில் இரண்டு முறை கண்டது. 2016 மே மாதம் வென்ற எஸ்.எம்.சீனிவேல் பதவி ஏற்கும் முன்னரே காலமானார். அதே ஆண்டு நவம்பரில் நடந்த இடைத்தேர்தலில் ஏ.கே.போஸ் வென்றார். அவர் 2018 ஆகஸ்டில் காலமானார். மருத்துவமனையில் இருந்த ஜெயலலிதாவின் கைரேகை பதித்த கட்சிப் படிவத்தின் அடிப்படையில் போஸுக்கு இரட்டை இலைச் சின்னம் தரப்பட்டது செல்லாது என்று கூறி, சென்னை உயர் நீதிமன்றம் 2019 மார்ச்சில் அந்த வெற்றியையே ரத்துசெய்தது. வழக்குத் தொடுத்த சரவணன் 2019 மே மாதம் நடந்த இடைத்தேர்தலில் வென்றார். அவரும் 2021இல் அங்கு நிற்கவில்லை. ஐந்து ஆண்டுகளில் மூன்று உறுப்பினர்கள். ஒருவரிடமும் முழுக் கணக்கைக் கேட்க வாக்காளருக்கு வாய்க்கவில்லை.

ஆண்டிப்பட்டியில் காரணம் கட்சித் தாவல் தடைச் சட்டம். 2017 செப்டம்பரில் சட்டமன்றத் தலைவரால் தகுதிநீக்கம் செய்யப்பட்ட 18 அதிமுக உறுப்பினர்களில் அத்தொகுதியின் தங்க தமிழ்ச்செல்வனும் ஒருவர். வழக்கு முடிந்து, 2019 ஏப்ரலில் இடைத்தேர்தல் நடக்கும்வரை அத்தொகுதிக்குச் சட்டமன்றத்தில் குரல் இல்லை. ஒன்றரை ஆண்டுக்கும் மேற்பட்ட இந்த வெற்றிடத்துக்கு வாக்காளர் எந்த வகையிலும் பொறுப்பல்ல.

1985இல் வந்த இந்தச் சட்டம் விலைபேசலைத் தடுப்பதற்காகக் கொண்டுவரப்பட்டது, அது தேவையானதும்கூட. அதன் பக்கவிளைவையும் நாம் அறிந்திருக்க வேண்டும். கட்சிக் கொறடா உத்தரவிட்டால் உறுப்பினர் அதன்படியே வாக்களிக்க வேண்டும். மீறினால் பதவி பறிபோகலாம். எனவே, ஒரு மசோதாவுக்கு ஏன் ஆதரவாக வாக்களித்தீர்கள் என்று உறுப்பினரைக் கேட்டால், கட்சி சொன்னது என்பதே அவருடைய நேர்மையான விடையாக இருக்கும். சட்டமன்றத்தில் அவருக்கென்று எஞ்சி நிற்பவை கேள்விகள், கவன ஈர்ப்புத் தீர்மானங்கள், மானியக் கோரிக்கை விவாதங்கள், குழுக்களில் செய்யும் பணி ஆகியவையே. அவரை எடை போட வேண்டிய இடமும் அங்கேதான் இருக்கிறது.

சாலையும் சாக்கடையும் யார் பொறுப்பு?

நாம் அவரை வேறு இடத்தில் வைத்து எடை போடுகிறோம். வாக்குக் கேட்டு வரும் உறுப்பினரிடம் பெரும்பாலும் கேட்கப்படுபவை தெருச்சாலை, சாக்கடை, குடிநீர்க் குழாய், தெருவிளக்கு ஆகியவைதான். மதுரை மாநகராட்சியின் 100 வார்டுகளில் இவை மாநகராட்சியின் பொறுப்பு. நகரை ஒட்டிய ஊராட்சிகளில் ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு. மக்கள் இதை அறியாதவர்கள் அல்லர். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. அதன்பின் மதுரை உள்ளிட்ட மாவட்டங்களின் ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் நிர்வகிக்கிறார்கள். ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினரும் இல்லாத ஊரில், கண்ணில் படும் ஒரே மக்கள் பிரதிநிதி சட்டமன்ற உறுப்பினர்தான். ஊராட்சியிடம் கேட்க வேண்டிய கணக்கும் அவர் தலையில் விழுகிறது. உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடும் அரசுகள், தம் சொந்த உறுப்பினர்களுக்கே சுமையை ஏற்றுகின்றன.

உறுப்பினரின் கையில் உண்மையில் இருப்பது என்ன? தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். ஐந்து ஆண்டுகளுக்கு 15 கோடி. பணிகளை அவர் பரிந்துரைக்கலாம். மாவட்ட நிர்வாகம் நிறைவேற்றும். 2022இல் ‘உங்கள் தொகுதியில் முதலமைச்சர்’ திட்டத்தின் கீழ், ஒவ்வொரு தொகுதியிலும் நீண்ட காலமாக நிறைவேறாத 10 முக்கியக் கோரிக்கைகளை அனுப்பும்படி 234 உறுப்பினர்களிடமும், கட்சி வேறுபாடின்றி, முதலமைச்சர் கேட்டார். இந்தப் பத்துக் கோரிக்கைப் பட்டியல் வாக்காளருக்குக் கிடைத்த அரிய கருவி. எதைப் பட்டியலில் வைத்தார், எதை விட்டார், வைத்தவற்றில் எத்தனை முடிந்தன என்ற மூன்று கேள்விகளில் ஓர் உறுப்பினரின் தொகுதிப் பார்வை முழுவதும் வெளிப்பட்டுவிடும்.

சட்டமன்றப் பணிக்கும் எங்கள் பகுதியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லலாம். காமராஜர் பல்கலைக்கழகத்தில் நிதி நெருக்கடியால் ஊதியமும் ஓய்வூதியமும் மாதக்கணக்கில் தாமதமாகி, ஊழியர்கள் போராடியது செய்தித்தாள்களில் தொடர்ந்து வந்தது. பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனம் தொடர்பான மசோதாக்கள் சட்டமன்றத்தில் நிறைவேறி, ஆளுநரிடம் தேங்கி, 2023 நவம்பரில் மீண்டும் நிறைவேற்றப்பட்டன. உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் அவற்றுக்கு ஒப்புதல் கிடைத்ததாகக் கருதலாம் என்று தீர்ப்பளித்தது. தென்மாவட்டங்களின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலரை உருவாக்கிய ஒரு நிறுவனத்தின் எதிர்காலம் சட்டமன்றத்தோடு நேரடியாகப் பிணைந்திருந்த காலம் இது. மதுரையின் பத்து உறுப்பினர்களில் எவர் நிற்க வந்தாலும், உயர்கல்வி மானியக் கோரிக்கை விவாதத்தில் இதைப் பற்றி நீங்கள் பேசினீர்களா, என்ன பேசினீர்கள் என்று கேட்பது நியாயமான கேள்வி. சாக்கடை அடைப்பை அலுவலர் ஒருவர் நீக்கிவிட முடியும். இந்தக் கேள்வியைச் சபையில் எழுப்ப உறுப்பினரைத் தவிர வேறு ஆள் இல்லை.

கையில் உள்ள ஆவணங்கள்

இப்படிக் கேட்பதற்குத் தேவையான தகவல்கள் முன்பைவிட இப்போது கைக்கு எட்டும் தூரத்தில் உள்ளன. 2002, 2003 ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு, ஒவ்வொரு வேட்பாளரும் சொத்து, கடன், கல்வி, குற்ற வழக்குகள் பற்றிய உறுதிமொழிப் பத்திரத்தை வேட்புமனுவோடு தருகிறார். 2018 பிப்ரவரித் தீர்ப்புக்குப் பின் வருமானம் வந்த வழியையும் சொல்ல வேண்டும். புதிய வேட்பாளரின் பத்திரத்தை ஒருமுறை படிப்பதோடு சரி. பதவியில் இருப்பவருக்கு இரண்டு பத்திரங்கள் உண்டு. சென்ற தேர்தலில் தந்தது ஒன்று, இந்தத் தேர்தலில் தருவது ஒன்று. இரண்டையும் அருகருகே வைத்தால் ஐந்து ஆண்டுகளில் அவருடைய செல்வம் எப்படி வளர்ந்தது என்பது தெரிந்துவிடும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம்.

2022 ஜனவரி முதல் சட்டமன்றத்தின் கேள்வி நேரம் நேரலையாக ஒளிபரப்பாகிறது. தொகுதியின் பெயரைச் சொல்லி உறுப்பினர் எழுந்து நின்றாரா என்பதை நாமே பார்த்துக்கொள்ளலாம். விவாதங்கள் முழுமையாக நேரலையில் வருவதில்லை என்பது குறைதான். ஒவ்வோர் உறுப்பினரின் வருகைப் பதிவும், கேட்ட கேள்விகளும், நிதியில் செய்த பணிகளும் ஒரே பக்கத்தில் தமிழில் கிடைத்தால் வாக்காளர் பாதி வேலையை முடித்துவிடுவார். அதைச் சட்டமன்றச் செயலகம் செய்ய முடியும். பெரிய செலவும் இல்லை.

இவற்றையெல்லாம் பணம் வந்து மூடிவிடும் என்று நண்பர்கள் சொல்வது உண்டு. மதுரைக்காரர்கள் இந்தக் கேள்வியிலிருந்து நழுவ முடியாது. 2009 ஜனவரி இடைத்தேர்தலுக்குப் பிறகு ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்ற சொல்லை நாட்டுக்குத் தந்த மாவட்டம் இது. சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு 40 லட்சம் ரூபாய் என்று விதி சொல்கிறது. விதியும் நடப்பும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பது ஊரறிந்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். பணம் இரு தரப்பிலிருந்தும் வருகிறது. அதிகம் கொடுத்தவர் எப்போதும் வெல்வதில்லை. 2021இல் ஆட்சியில் இருந்த கட்சியின் உறுப்பினர்களில் சொந்தத் தொகுதியிலேயே நின்றவர்கள் மதுரையில் மூன்று இடங்களில் வென்று, இரண்டு இடங்களில் தோற்றார்கள். வாங்கிக்கொண்டும் மனச்சாட்சிப்படி வாக்களிக்கும் வாக்காளர் இங்கு உண்டு. அவருக்கு வேண்டியது அறிவுரை அல்ல. ஒப்பிட்டுப் பார்க்கத் தகவல்.

கட்சியைப் பார்த்து வாக்களிப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. நமது ஆட்சிமுறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதன் வழியாகத்தான் முதலமைச்சரைத் தேர்ந்தெடுக்கிறோம். கட்சிக் கணக்கைப் பார்க்காமல் வாக்களிக்க முடியாது. அதோடு உறுப்பினரின் தனிக் கணக்கையும் வாங்கிப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. கட்சிகளுக்கும் ஒரு கடமை உண்டு. ஓர் உறுப்பினரை நீக்கினாலோ வேறு தொகுதிக்கு மாற்றினாலோ, அதற்கான காரணத்தை அந்தத் தொகுதி மக்களிடம் சொல்ல வேண்டும். உசிலம்பட்டி வாக்காளருக்கும் மதுரை வடக்கு வாக்காளருக்கும் 2021இல் அந்த விளக்கம் தரப்படவில்லை.

வேட்பாளர் பட்டியல்கள் வெளியானதும், நம் தொகுதியின் தற்போதைய உறுப்பினர் அதில் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பத்துக் கோரிக்கைப் பட்டியலையும், 15 கோடி ரூபாயின் கணக்கையும், இரண்டு உறுதிமொழிப் பத்திரங்களையும், சட்டமன்றத்தில் அவர் கேட்ட கேள்விகளையும் அவரிடம் கேளுங்கள். அவர் இல்லையென்றால், ஏன் இல்லை என்று அவருடைய கட்சியின் புதிய வேட்பாளரிடம் கேளுங்கள். வாக்குக் கேட்டு வீட்டு வாசலுக்கு வருபவர் விடை சொல்லக் கடமைப்பட்டவர்.